இளம் வீரர்களின் ஹார்மோன் ரிப்போர்ட்: டெஸ்டோஸ்டிரோன் வரியை மட்டும் படித்தால் ஏன் ஏமாறுவோம்

விளையாட்டுப் பயிற்சியில் இருக்கும் இளைஞர்கள் பலர் இப்போது டாக்டர் எழுதிக் கொடுக்காமலேயே ஹார்மோன் பரிசோதனை செய்துகொள்கிறார்கள். சோர்வு தீரவில்லை, தசை கூடவில்லை, ஓட்ட நேரம் குறையவில்லை என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். லேப் அனுப்பும் ரிப்போர்ட்டில் பத்துப் பன்னிரண்டு வரிகள் இருந்தாலும் கண் போவது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் என்ற ஒரே வரிக்குத்தான். அதற்கு எதிரே ‘குறைவு’ என்று தடித்த எழுத்தில் இருந்தால் அன்றைக்குத் தூக்கம் போய்விடும். ‘நார்மல்’ என்று இருந்தால் மீதி வரிகளை யாரும் படிப்பதில்லை.

இரண்டுமே தவறான வாசிப்பு. மூளையிலிருந்து வந்த கட்டளை என்ன, ஹார்மோனை ரத்தத்தில் சுமக்கும் புரதம் எவ்வளவு, ரத்தம் எடுத்த வாரத்தில் உடல் என்ன நிலையில் இருந்தது என்ற மூன்றும் தெரியாமல் அந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கட்டளை எங்கிருந்து வருகிறது

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதாலமஸ், ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனைத் தொடர்ச்சியாக அல்லாமல் விட்டுவிட்டு, துடிப்பு துடிப்பாக வெளியிடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அந்தத் துடிப்புகளுக்கு ஏற்ப எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எல்.எச். விரைகளில் உள்ள லேடிக் செல்களைத் தூண்டுகிறது. டெஸ்டோஸ்டிரோன் அங்கேதான் சுரக்கிறது. எஃப்.எஸ்.எச். செர்டோலி செல்கள் வழியாக விந்தணு உற்பத்திக்குத் துணை நிற்கிறது.

டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு ஏறியதும் மூளை அதை உணர்ந்து கட்டளையைக் குறைக்கிறது, இறங்கினால் கூட்டுகிறது. அந்த டெஸ்டோஸ்டிரோன் விரையில் சுரந்ததா, ஊசி வழியாக வந்ததா என்று மூளைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பின்னால் வரப்போகும் பல சிக்கல்களுக்கு இதுவே வேர்.

ரத்தத்தில் அளக்கப்படுவது எது

ரிப்போர்ட்டில் ‘டோட்டல் டெஸ்டோஸ்டிரோன்’ என்று வருவது ரத்தத்தில் உள்ள மொத்த அளவு. இதில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சுற்றுகிறது. எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் அதை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்; அல்புமின் தளர்வாகப் பிடித்திருக்கும். எதோடும் ஒட்டாமல் சுதந்திரமாகத் திரியும் ‘ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ நூற்றுக்குச் சுமார் 2 பங்குதான்.

இரண்டு வீரர்களுக்கும் டோட்டல் 350 நானோகிராம்/டெசிலிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு எஸ்.எச்.பி.ஜி. 15, மற்றவருக்கு 65 நானோமோல்/லிட்டர். கணக்குப் போட்டால் முதலாமவரின் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன் இரண்டாமவருடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வரும். மொத்தம் ஒன்றுதான், ஆனால் உடலுக்குக் கிடைப்பது ஒன்றல்ல. உடல் பருமன், இன்சுலின் எதிர்ப்பு, தைராய்டு குறைவு, தசை வளர்க்க எடுக்கும் ஸ்டீராய்டு ஆகியவை எஸ்.எச்.பி.ஜி.யை இறக்கும். தைராய்டு மிகை, கல்லீரல் நோய், நீண்ட நாள் அரைவயிற்றுச் சாப்பாடு ஆகியவை ஏற்றும். ‘டைரக்ட் ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்’ என்று சில லேப்கள் நேரடியாக அளந்து தரும் எண் நம்பத்தக்கதல்ல. டோட்டல், எஸ்.எச்.பி.ஜி., அல்புமின் மூன்றையும் வைத்துக் கணக்கிட்டதோ, ஈக்விலிப்ரியம் டயாலிசிஸ் முறையில் (ஒட்டாத ஹார்மோனை மட்டும் சவ்வு வழியாகப் பிரித்து) அளந்ததோ மேல்.

‘நார்மல்’ என்ற எல்லைக்கு என்ன பொருள்

ஆரோக்கியமானவர்கள் என்று கருதப்படும் பலரை அளந்து, அவர்களில் நடுவில் நிற்கும் 95 சதவீதத்தினரின் அளவைத்தான் ரெஃபரன்ஸ் ரேஞ்ச் என்று போடுகிறார்கள். நோயே இல்லாதவர்களிலும் 5 சதவீதத்தினர் இந்த எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத பத்துப் பரிசோதனைகளை ஒரே நேரத்தில் செய்தால், முழு ஆரோக்கியமானவருக்குக்கூட ஏதாவது ஒன்று எல்லை தாண்டுவதற்குச் சுமார் 40 சதவீத வாய்ப்பு உண்டு. பெரிய ‘பேக்கேஜ்’ எடுப்பவர்களுக்குக் கவலை பெருகுவது இதனால்தான்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாட்டு ஆய்வுகளின் அளவீடுகளை ஒரே தரத்துக்குக் கொண்டுவந்து, பருமன் இல்லாத 19 முதல் 39 வயது ஆண்களுக்கு 264 முதல் 916 நானோகிராம்/டெசிலிட்டர் என்ற வரம்பைத் தந்தது. அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் 2018 வழிகாட்டி 300 என்ற எண்ணைக் குறைவுக்கான கோடாக வைத்தது. அதுவும் வெவ்வேறு நாட்களில் அதிகாலையில் எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் குறைந்திருந்தால், அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே.

இங்கே மூன்று எச்சரிக்கைகள்.

1. அலகைப் பாருங்கள். 520 நானோகிராம்/டெசிலிட்டர், 5.2 நானோகிராம்/மில்லிலிட்டர், 18 நானோமோல்/லிட்டர் மூன்றும் ஒரே அளவுதான். 18 என்ற எண்ணை 520-ஓடு ஒப்பிட்டுப் பயந்துபோகிறவர்கள் உண்டு.

2. 14, 15, 16 வயதுப் பையனுக்குப் பெரியவர்களின் வரம்பு பொருந்தாது. பருவ வளர்ச்சி எந்தப் படியில் இருக்கிறது என்பதே அவனுக்கு அளவுகோல். ஒரே அணியில் ஒரே வயதில் ஒருவனுக்கு 150, இன்னொருவனுக்கு 500 என்று இருக்கலாம். இருவரும் ஆரோக்கியமாகவே இருக்கலாம்.

3. ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம் அளவு மாறும். உடலின் இயல்பான ஏற்ற இறக்கத்தையும் கருவியின் பிழையையும் சேர்த்தால், இரண்டு முடிவுகளுக்கு இடையே சுமார் 30 சதவீத வித்தியாசம் இருந்தால்தான் நிஜமான மாற்றம் என்று சொல்லலாம். 500 இருந்தது 430 ஆனதற்குக் காரணம் தேடுவது வீண் வேலை. ‘பூஸ்டர்’ மாத்திரை சாப்பிட்டு 430 இருந்தது 500 ஆனதாகக் கொண்டாடுவதும் அப்படியே.

ரத்தம் எடுத்த சூழ்நிலை

மேலே சொன்ன வரம்புகள் காலை நேர ரத்தத்துக்கானவை. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும். இளைஞர்களுக்கு மாலைக்குள் 20–25 சதவீதம் வரை இறங்கிவிடும். அதனால் சரியான பரிசோதனைக்கு இவை வேண்டும்:

1. காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில். சாப்பாடு, முக்கியமாகச் சர்க்கரை, அளவைச் சில மணி நேரத்துக்குக் கணிசமாகக் குறைக்கும்.

2. முந்தைய இரவுகளில் ஒழுங்கான தூக்கம். 2011-இல் வெளியான சிகாகோ பல்கலைக்கழக ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் ஒரு வாரம் இரவுக்கு 5 மணி நேரம் மட்டுமே தூங்கியபோது பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10–15 சதவீதம் இறங்கியது. போட்டிக்கு முந்தைய வாரம் சரியாகத் தூங்காதவர் ரத்தம் கொடுத்தால் தூக்கமின்மையைத்தான் அளந்துகொள்கிறார்.

3. ஒன்றிரண்டு நாட்களாவது கடும் பயிற்சி இல்லாமல் இருப்பது. எடைப் பயிற்சி முடிந்த உடனே டெஸ்டோஸ்டிரோன் சற்று ஏறும். நீண்ட தூர ஓட்டத்துக்குப் பிறகு இறங்கி, மீண்டுவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம்.

4. காய்ச்சல், தொற்று, அறுவை சிகிச்சை எதிலிருந்தாவது மீண்டுகொண்டிருந்தால் தள்ளிப்போடுவது.

5. பயோட்டின் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்துவது. முடி, நகத்துக்காக விற்கப்படும் மாத்திரைகளில் இது அதிக அளவில் இருக்கிறது. பல லேப்களின் பரிசோதனை முறையே பயோட்டினைப் பயன்படுத்துவதால், டெஸ்டோஸ்டிரோன் பொய்யாக உயர்ந்தும், எல்.எச்., டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும் காட்டலாம். இதைப் பற்றி அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் பொது எச்சரிக்கை விடுத்தது. ஸ்டீராய்டு எடுப்பவரின் ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் இருக்கும் என்பதால், ஒரு பையனை வீணாகச் சந்தேகிக்க இந்த ஒரு மாத்திரை போதும்.

எல்.எச். வரியைப் படிப்பது

ரிப்போர்ட்டின் சாவி இந்த வரிதான் என்பது என் உறுதியான கருத்து. டெஸ்டோஸ்டிரோன் எண் விளைவைச் சொல்கிறது; கோளாறு மேலேயா கீழேயா என்பதை எல்.எச். சொல்கிறது.

1. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச். அதிகம்: மூளை கத்துகிறது, விரைகளால் பதில் தர முடியவில்லை. பழைய விரை முறுக்கு, அம்மைக்கட்டு தாக்கிய விரை, புற்றுநோய்ச் சிகிச்சை ஆகியவை காரணமாகலாம். ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருக்கும் கிளைன்ஃபெல்டர் நிலையும் காரணமாகலாம். கிளைன்ஃபெல்டர் அரிதானதல்ல, சுமார் 600 ஆண்களில் ஒருவருக்கு இருக்கும். உயரமான, விளையாட்டில் நன்றாகவே ஆடும் இளைஞர்களிலும் பலருக்கு இது கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

2. டெஸ்டோஸ்டிரோன் குறைவு, எல்.எச். குறைவு அல்லது ‘நார்மல்’: விரைகளில் பழுதில்லை, கட்டளை வரவில்லை. இந்த ‘நார்மல்’ என்ற சொல்லில்தான் ஏமாறுகிறோம். டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு இறங்கியிருக்கும்போது எல்.எச். ஏறியிருக்க வேண்டும், ஏறாமல் நடுவில் நிற்பதே குறை. விளையாட்டு வீரர்களிடம் அதிகம் காணப்படும் வகை இது.

3. டெஸ்டோஸ்டிரோன் அதிகம், எல்.எச். அளவிட முடியாத அளவுக்குக் கீழே: ஹார்மோன் வெளியிலிருந்து வருகிறது, அல்லது விரையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கலாம். சில விரைக் கட்டிகள் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரந்து எல்.எச்.சைப் போலவே வேலை செய்யும். இளம் வயது ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் விரைப் புற்றுநோய் முன்வரிசையில் இருப்பதால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. இரண்டுமே அதிகம்: பெரும்பாலும் எஸ்.எச்.பி.ஜி. உயர்ந்திருப்பதால் வரும் தோற்றம். முதலில் தைராய்டைப் பாருங்கள்.

வீரர்களுக்கு ஏன் கட்டளை நிற்கிறது

பெரும்பாலான நேரம் விடை சாப்பாட்டில் இருக்கிறது. வருமானம் குறைந்த வீட்டில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டு, வீடு கட்டும் வேலையை நிறுத்தி வைப்பது போல, சக்தி போதாத உடல் இதயத்தையும் மூளையையும் ஓட்டிக்கொண்டு இனப்பெருக்கத்தையும் எலும்பு வளர்ச்சியையும் தள்ளிப்போடுகிறது. ஹைப்போதாலமஸின் துடிப்பு மெலிகிறது. எல்.எச். குறைகிறது, டெஸ்டோஸ்டிரோன் இறங்குகிறது. இதோடு தைராய்டு ஹார்மோனான டி3 குறைகிறது, வளர்ச்சியைத் தூண்டும் ஐ.ஜி.எஃப்-1 குறைகிறது, எஸ்.எச்.பி.ஜி. ஏறலாம்.

இதற்கு மிகத் தெளிவான சான்று அமெரிக்க ராணுவத்தின் ரேஞ்சர் பயிற்சியிலிருந்து கிடைத்தது. சுமார் எட்டு வாரம் குறைந்த சாப்பாடு, குறைந்த தூக்கம், ஓயாத உழைப்பு. திடகாத்திரமான அந்த இளைஞர்களின் டெஸ்டோஸ்டிரோன், விரைகள் அகற்றப்பட்டவர்களின் அளவை நெருங்கும் அளவுக்குச் சரிந்தது. திரும்பச் சாப்பாடு கொடுத்ததும் விரைவாக மேலே வந்தது. ஊசி எதுவும் தேவைப்படவில்லை.

பெண் வீரர்களிடம் மாதவிடாய் நிற்பது இந்தப் பற்றாக்குறையை உரக்கச் சொல்லிவிடும். ஆண்களுக்கு அப்படி ஓர் அடையாளம் இல்லாததால் இது நெடுநாள் கவனிக்கப்படவில்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் ‘ரெட்-எஸ்’ என்ற பெயரில் ஆண்களையும் சேர்த்து இதை வரையறுத்தது. 2018-லும் 2023-லும் புதுப்பித்தது.

உடலுக்குச் சக்தி போதுகிறதா என்று பார்க்கும் கணக்கு எளிது. சாப்பிட்ட கலோரியிலிருந்து பயிற்சியில் செலவான கலோரியைக் கழித்து, கொழுப்பு நீங்கிய உடல் எடையால் வகுக்க வேண்டும். கொழுப்பு நீங்கிய எடை 54 கிலோ உள்ள ஒருவர் 2,400 கிலோகலோரி சாப்பிட்டு, பயிற்சியில் 1,000 செலவழித்தால் மிஞ்சுவது கிலோவுக்கு சுமார் 26. பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் 30-க்குக் கீழே ஹார்மோன்கள் தடுமாறின. ஆண்களுக்கு இவ்வளவு கறாரான கோடு இன்னும் போடப்படவில்லை; ஆனாலும் 26 தாராளமான எண் அல்ல. அதை 40-க்குக் கொண்டுபோக இவர் தினமும் இன்னும் 760 கிலோகலோரி சாப்பிட வேண்டும். ‘நான் நன்றாகத்தான் சாப்பிடுகிறேன்’ என்று இவர் சொல்வதும் பொய்யல்ல; பயிற்சி இல்லாத நண்பர்களைவிட அதிகமாகவே சாப்பிடுகிறார்.

இப்போது விளக்கத்துக்காக அமைத்த ஒரு ரிப்போர்ட். 19 வயது நெடுந்தூர ஓட்ட வீரர், காலை 8 மணி, வெறும் வயிறு:

டோட்டல் டெஸ்டோஸ்டிரோன் 262, எஸ்.எச்.பி.ஜி. 60, எல்.எச். 2.3, எஃப்.எஸ்.எச். 2.8, புரோலாக்டின் (பிட்யூட்டரி சுரக்கும் இன்னொரு ஹார்மோன்) 9, டி.எஸ்.எச். 1.6, டி3 கீழ் எல்லைக்குச் சற்றுக் கீழே. மூன்று வாரம் கழித்து மீண்டும் எடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் 275.

எல்லையை ஒட்டித்தானே இருக்கிறது என்று விட்டுவிடலாமா? கூடாது. எஸ்.எச்.பி.ஜி. 60 என்பதால் ஃப்ரீ அளவு இன்னும் மோசம். எல்.எச். ஏறவில்லை. புரோலாக்டின் சரியாக இருப்பதால் பிட்யூட்டரிக் கட்டிக்கான சந்தேகம் குறைகிறது. டி3 இறங்கி டி.எஸ்.எச். அசையாமல் இருப்பது தைராய்டு நோயைவிடப் பட்டினியையே காட்டுகிறது. இவரிடம் அடுத்துக் கேட்க வேண்டிய கேள்விகள் மருந்தைப் பற்றியவை அல்ல: ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது? காலை விறைப்பு இருக்கிறதா? எங்காவது, குறிப்பாகக் காலிலோ பாதத்திலோ, எலும்பில் கீறல் விழுந்ததா? பயிற்சிக்கு முன் சாப்பிடுகிறாரா?

ஸ்டீராய்டின் கைரேகை

இன்னொரு ரிப்போர்ட், இதுவும் அமைத்ததே. 22 வயது, எடைப் பயிற்சி: டெஸ்டோஸ்டிரோன் 140, எல்.எச். 0.1-க்குக் கீழே, எஃப்.எஸ்.எச். 0.1-க்குக் கீழே, எஸ்.எச்.பி.ஜி. 7, ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 53 சதவீதம், எச்.டி.எல். (‘நல்ல’ கொழுப்பு) 20.

டெஸ்டோஸ்டிரோன் இவ்வளவு குறைவாக இருந்தால் தசை கரைந்து, ரத்தம் வெளுத்திருக்க வேண்டும். இங்கே ரத்தம் தடித்திருக்கிறது. மூளை கட்டளையை முழுவதுமாக நிறுத்திவிட்டது. அப்படியானால் டெஸ்டோஸ்டிரோன் பரிசோதனையில் சிக்காத வேறொரு ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன் வகை), நாண்ட்ரலோனோ ஸ்டனசோலோலோ போன்ற ஒன்று, உடலில் வேலை செய்கிறது. எஸ்.எச்.பி.ஜி.யும் எச்.டி.எல்.லும் ஒருசேரச் சரிந்திருப்பது அதை உறுதிப்படுத்துகிறது. ‘டெஸ்டோஸ்டிரோன் குறைவு’ என்ற ஒரே வரியைப் பார்த்து இவருக்கு ஊசி எழுதிக்கொடுத்தால் எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியதாகும்.

தெரிந்தே எடுப்பவர்கள் மட்டும் இப்படி மாட்டுவதில்லை. லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டுகள் கலந்த சப்ளிமென்ட்கள் சந்தையில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. நிறுத்திய பிறகும் மூளையின் துடிப்பு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் வரும் மனச்சோர்வு கடுமையானது. அதைத் தாங்க முடியாமல்தான் பலர் மறுபடியும் ஊசியைத் தேடிப் போகிறார்கள். அவர்களைக் குற்றவாளியாக நிறுத்தாமல் நோயாளியாக நடத்துவது மருத்துவர், பயிற்சியாளர், பெற்றோர் எல்லோருக்கும் கடமை.

மீதி வரிகள், சுருக்கமாக

புரோலாக்டின்: ஊசி பயம், கடும் பயிற்சி, வாந்திக்கான டோம்பெரிடோன் போன்ற மருந்துகள் இதைச் சற்று ஏற்றும். ஓய்வாக இருந்து மறுபடி எடுங்கள். பல மடங்கு உயர்ந்திருந்தால் பிட்யூட்டரியை ஸ்கேன் செய்ய வேண்டும்.

கார்டிசால்: உடல், மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன். காலையில் உயர்ந்திருப்பதே இயல்பு. டெஸ்டோஸ்டிரோன்–கார்டிசால் விகிதத்தை வைத்து ‘ஓவர்டிரெய்னிங்’ என்று தீர்ப்புச் சொல்வது சரியல்ல; ஒரே வீரரின் நெடுநாள் போக்கைப் பார்க்க வேண்டுமானால் உதவலாம்.

எஸ்ட்ரடையால்: பெண் ஹார்மோன் எனப்படும் இதை ஆண்களின் எதிரி என்று கருதும் பழக்கம் ஜிம்களில் வேரூன்றிவிட்டது. டெஸ்டோஸ்டிரோனிலிருந்தே உருவாகும் இந்த ஹார்மோன்தான் ஆணின் எலும்பைக் காக்கிறது. ஆண்களிடம் உள்ள குறைந்த அளவுகளில் சாதாரணப் பரிசோதனை முறை துல்லியமாகவும் இருக்காது. அந்த எண்ணை நம்பி, எஸ்ட்ரடையாலைக் குறைக்கும் அனஸ்ட்ரோசோல் மாத்திரை சாப்பிடுவது எலும்பை அடகு வைப்பதற்குச் சமம்.

ஊசி போட்டால் என்ன ஆகும்

எண் ஏறும். அதில் சந்தேகமில்லை. ஆனால் மூளை கட்டளையை நிறுத்துவதால் விரைக்குள் டெஸ்டோஸ்டிரோன் வற்றி, விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1990-இல் வெளியான ஆய்வில் ஆரோக்கியமான ஆண்களுக்கு வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடப்பட்டது. சில மாதங்களில் பெரும்பாலோருக்கு விந்தணு முற்றிலும் இல்லாமல் போனது. அந்த ஆய்வின் நோக்கமே ஆண்களுக்கான கருத்தடை. ‘ஆண்மைக்கு’ என்று சொல்லி 20 வயதுப் பையனுக்குப் போடப்படும் மருந்து அதுதான்.

போட்டிகளில் ஆடுபவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் விதிப்படி டெஸ்டோஸ்டிரோன் தடைசெய்யப்பட்ட பொருள். எச்.சி.ஜி., டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைத் தூண்டும் குளோமிஃபீன், அனஸ்ட்ரோசோல் ஆகியவையும் ஆண் வீரர்களுக்குத் தடைதான். மருத்துவ விலக்கு கிடைப்பது விரையிலோ பிட்யூட்டரியிலோ உடற்கூறு சார்ந்த கோளாறு நிரூபிக்கப்பட்டால் மட்டுமே. அதிகப் பயிற்சியாலோ குறைந்த சாப்பாட்டாலோ வந்த குறைவுக்குக் கிடைக்காது. டாக்டர் சீட்டு கையில் இருந்தாலும் தடை தடைதான்.

காத்திருக்கக் கூடாத நிலைகள், மறுபரிசோதனை

கீழ்க்கண்டவை இருந்தால் மறுபரிசோதனை வரை பொறுக்காமல் நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போக வேண்டும்:

1. விரையில் கட்டி, கல் போன்ற தடிப்பு, அல்லது திடீரென்று மார்பு வீங்கி வலிப்பது.
2. தீராத தலைவலியோடு பக்கவாட்டுப் பார்வை மங்குவது.
3. 14 வயதாகியும் விரைகள் பெரிதாகத் தொடங்காதது. அதோடு வாசனையும் தெரியாமல் இருந்தால் இன்னும் முக்கியம்.
4. சிறு மோதல்கூட இல்லாமல் எலும்பில் அடுத்தடுத்துக் கீறல் விழுவது.
5. எல்.எச். தெளிவாக உயர்ந்து டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருப்பது.

இவை எதுவும் இல்லாமல், மேலே பார்த்த ஓட்ட வீரரைப் போன்ற படம் வந்தால், சாப்பாட்டைக் கூட்டி, பயிற்சி அளவைக் குறைத்து, தூக்கத்தைச் சரிசெய்து, சுமார் மூன்று மாதம் கழித்து அதே லேபில், அதே காலை நேரத்தில், டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஸ்.எச்.பி.ஜி., டி3 நான்கையும் மறுபடி எடுக்கலாம். எடை ஏறி, டி3 மேலே வந்து, எல்.எச்.சும் டெஸ்டோஸ்டிரோனும் சேர்ந்து உயர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் சாப்பாடுதான். எடை ஏறியும் எல்.எச். அசையாவிட்டால் பிட்யூட்டரி ஸ்கேன், இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அவர் எடுக்கும் வலி மாத்திரைகளின் பட்டியல் என்று தேடலை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.